26 இன்ச்சிலிருந்து 29-க்கு மாறலாமா? மவுண்டன் பைக் சக்கர அளவை முடிவு செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

கோத்தகிரிப் பக்கம், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இறங்கும் ஒரு மண்பாதை. மழைத்தண்ணீர் குறுக்கே அறுத்துப் போன ஓரிடத்தில் தேங்காயளவு கற்கள் துருத்திக்கொண்டு கிடக்கும். என் 26 இன்ச் சைக்கிள் அங்கே தவறாமல் நின்றுவிடும். நான் காலை ஊன்றி, இறங்கி, வண்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வைப்பேன். கூட வரும் நண்பர் 29 இன்ச் வண்டியில், உட்கார்ந்தபடியே உருட்டிக்கொண்டு போய்விடுவார். போய் நின்று, தண்ணீர் குடித்தபடி என்னைத் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே அன்று மாலை புது வண்டி வாங்கியிருப்பேன்.

நல்லவேளை, கையில் காசில்லை. காசு சேர்ந்த மூன்று மாதத்தில் நான் செய்து பார்த்தவைதான் இந்த வழிகாட்டி. கடைசியில் வண்டி மாற்றினேன். ஆனால் எந்தக் காரணத்துக்காக மாற்ற நினைத்தேனோ, அதில் ஒரு பகுதி பழைய வண்டியிலேயே சரியாகிவிட்டது. அதனால் படிகளை வரிசையாகச் செய்யுங்கள். முதல் மூன்று படிகளுக்குப் பெரிய செலவில்லை.

படி 1: டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் படியுங்கள்

26, 27.5, 29 என்று கடையில் சொல்வதெல்லாம் கூப்பிடும் பெயர்கள். டயரின் பக்கவாட்டில் 54-559 என்பதுபோலப் பொறித்திருக்கும். முன்னால் இருப்பது டயரின் அகலம், பின்னால் இருப்பது டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். மவுண்டன் பைக்கில் 26 என்றால் 559, 27.5 என்றால் 584, 29 என்றால் 622.

இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. நம்மூரில் பெண்கள் ஓட்டும் வளைந்த ஃபிரேம் சைக்கிளுக்கும் 26 என்றே பெயர்; அதில் பெரும்பாலும் 590 டயர்தான் இருக்கும், உங்கள் 559 ரிம்மில் ஏறாது. அப்பா ஓட்டிய கறுப்புச் சைக்கிளின் 28 இன்ச் டயர் 635. ஆக, பழைய 28 புதிய 29-ஐவிடப் பெரிய ரிம்! பெயரை நம்பி டயர் வாங்கினால் வீட்டுக்கும் கடைக்கும் நடக்க வேண்டியிருக்கும்.

டயரோடு சேர்த்து அளந்தால், ஏறக்குறைய 2.1 இன்ச் டயர் போட்ட 26 சக்கரத்தின் விட்டம் 67 செ.மீ., 2.2 அல்லது 2.25 போட்ட 29 சக்கரம் 74 செ.மீ. 27.5 இரண்டுக்கும் நட்டநடுவே இல்லை, 26-க்கு நெருக்கமாகவே நிற்கிறது. 559-க்கும் 584-க்கும் இடைவெளி 25 மி.மீ., 584-க்கும் 622-க்கும் 38 மி.மீ. 26-லிருந்து 27.5-க்கு மாறி "பெரிசா ஒண்ணும் தெரியலையே" என்பவர்கள் பொய் சொல்லவில்லை.

26 என்ற அளவை யாரும் மலைக்கென்று கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்ததும் இல்லை. 1970களில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில், டமல்பயஸ் மலைப்பக்கம் இறங்கி விளையாடிய இளைஞர்களுக்குக் கிடைத்தவை பழைய ஷ்வின் சைக்கிள்கள். அவற்றில் இருந்தது, அந்த நிறுவனம் 1933-ல் அறிமுகப்படுத்திய 26 × 2.125 பருத்த டயர். 1976-ல் தொடங்கிய ரீபேக் என்ற மலையிறக்கப் பந்தயமும், ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர் போன்றவர்கள் பின்னர் கட்டிய வண்டிகளும் அதே அளவைத் தொடர்ந்தன. மண்பாதைக்கு ஏற்ற நல்ல 29 இன்ச் டயர் என்று டபிள்யூடிபி நிறுவனத்தின் நானோராப்டர் 1999-ல் வந்த பிறகே பெரிய சக்கரத்துக்கு வழி பிறந்தது.

படி 2: எங்கே நிற்கிறீர்கள் என்று எழுதுங்கள்

இரண்டு வார இறுதிகள், வழக்கமான பாதையில். ஒவ்வொரு முறை கால் ஊன்றும்போதும் ஏன் என்று மொபைலில் ஒரு வரி. என் பட்டியலில் பதினோரு இடங்கள் சேர்ந்தன. நான்கு இடங்களில் கல்லில் முட்டி நின்றேன். மூன்றில் ஏற்றத்தில் பின்சக்கரம் வழுக்கியது. இரண்டில் இறக்கத்தில் பயந்து பிரேக் பிடித்தேன். ஒன்றில் கியர் போதவில்லை. இன்னொன்றில் வழியில் ஒரு நாய்.

நாயைச் சக்கர அளவு தீர்க்காது. வழுக்கலையும் பெரும்பாலும் தீர்க்காது. கியர் விஷயத்தில் பெரிய சக்கரம் நிலைமையை இன்னும் மோசமாக்கும், அதைக் கீழே பார்ப்போம். கல்லில் முட்டுவதும் இறக்கத்துப் பயமும் உங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் இருந்தால் மட்டும் 29 பற்றிய பேச்சுக்கு அர்த்தம் உண்டு. தார் ரோட்டிலும் ஊர்ச் சந்துகளிலும் மட்டும் ஓட்டுபவர்கள் இந்தப் படியோடு நின்றுகொள்ளலாம். உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் முள் (மேலே புடைத்திருக்கும் ரப்பர் கட்டிகள்) குறைந்த டயர், அவ்வளவுதான்.

படி 3: காற்றை இறக்குங்கள்

இந்தப் படியில்தான் எனக்கு அதிகம் கிடைத்தது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நம் பஞ்சர் கடைகளில் கட்டை விரலால் அழுத்தி "கல்லு மாதிரி இருக்கு தம்பி" என்று சொல்லிக் கொடுப்பது நல்ல காற்று. தார் ரோட்டில், கேரியரில் மூட்டையோடு போகிறவருக்கு அது சரியே. மண்பாதையில் கல்லு மாதிரி இருக்கும் டயர் ஒவ்வொரு கல்லிலும் பந்துபோல எகிறும். எகிறும்போது வேகம் மேல்நோக்கிச் செலவாகிறது, முன்னே போகப் பற்றாமல் நின்றுவிடுகிறோம். நான் ஓட்டிக்கொண்டிருந்தது 55 பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்தத்தின் அளவு).

காற்றழுத்தம் காட்டும் மானி ஒன்று வாங்குங்கள். 70 கிலோ ஆள், 2.1 அல்லது 2.2 இன்ச் டயர், உள்ளே டியூப் என்றால் முன்னே 28, பின்னே 32 பிஎஸ்ஐயில் தொடங்கலாம். எடை கூடினால் கொஞ்சம் கூட்டுங்கள். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் 2 பிஎஸ்ஐ குறைத்து அதே கல்லைக் கடந்து பாருங்கள். ரிம் 'டங்' என்று கல்லில் இடிக்கும் சத்தம் வந்தால் எல்லை தாண்டிவிட்டீர்கள், 3 பிஎஸ்ஐ ஏற்றிக்கொள்ளுங்கள். அதையும் மீறினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். அந்த இரட்டை ஓட்டையைப் பார்த்தாலே காற்று குறைவு என்று தெரிந்துகொள்ளலாம்.

55-லிருந்து 30-க்கு இறக்கியதும் என் பட்டியலில் வழுக்கல் மூன்றில் இரண்டு போய்விட்டது. கல்லில் முட்டும் நான்கில் ஒன்றும் போனது. செலவு, மானியின் விலை மட்டும்.

அதோடு டயரைப் பாருங்கள். நடுவில் முள் மழுங்கியிருந்தால், ஃபிரேமில் இடம் இருக்கும்வரை அகலமான புது டயர் போடுங்கள். 1.95 போட்டிருப்பவர் 2.25-க்குப் போனால் சக்கரத்தின் வெளிவிட்டமும் ஒன்றரை சென்டிமீட்டர் வரை கூடும். சக்கரத்தைக் கோட்டம் எடுத்து, ஹப்பில் கிரீஸ் மாற்றி ஒருமுறை ஓவராயில் செய்துவிடுங்கள். தள்ளாடும் சக்கரத்தோடு நல்ல சக்கரத்தை ஒப்பிடுவது நியாயமில்லை.

இறக்கத்துப் பயத்துக்கும் ஒரு சில்லறை வைத்தியம் உண்டு. பழைய 26 வண்டிகளில் ஹேண்டில்பார் சுமார் 60 செ.மீ. அகலம் இருக்கும், அதைப் பிடிக்கும் ஸ்டெம் 9 அல்லது 10 செ.மீ. முன்னே நீண்டிருக்கும். இதனால் உடம்பு முன்சக்கரத்தின் மேல் தொங்கும். 72 செ.மீ. அகல பார், 6 செ.மீ. ஸ்டெம் என்று மாற்றிப் பாருங்கள். என் பயத்தில் ஒரு பங்கு அன்றே இறங்கியது. புது 29 வண்டியில் ஏறியதும் "அடேங்கப்பா" என்று தோன்றுவதில் அகலமான பாருக்கும், முன்சக்கரத்தைத் தாங்கும் சாய்ந்த ஃபோர்க்குக்கும், புது டயருக்கும் நிறையப் பங்கு இருக்கிறது. பெயர் மட்டும் சக்கரத்துக்குப் போய்விடுகிறது.

படி 4: பெரிய சக்கரம் என்ன தருகிறது, என்ன எடுக்கிறது

தேங்காயளவு கல்லையே எடுத்துக்கொள்வோம், 10 செ.மீ. உயரம். 67 செ.மீ. சக்கரம் அந்தக் கல்லின் விளிம்பை மோதும் கோணம் ஏறக்குறைய 45 டிகிரி. 74 செ.மீ. சக்கரத்துக்கு 43. முப்பது செ.மீ. அகலக் குழி ஒன்றில் முதல் சக்கரம் மூன்றரை செ.மீ. இறங்கும், இரண்டாவது 3.2 செ.மீ. விளம்பரப் படங்களில் காட்டுவதுபோல மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இது இல்லை.

பிறகு நண்பர் எப்படிப் போகிறார்? கல்லில் ஏறுவது அல்லது நிற்பது என்ற இரண்டே முடிவுகள் உள்ள இடத்தில், சின்ன வித்தியாசம் போதும். ரயிலைப் பிடிப்பதும் விடுவதும்கூட அரை நிமிடத்தில்தானே. அதோடு இன்னொன்றும் இருக்கிறது. சக்கரம் பெரிதாகும்போது அச்சு உயர்கிறது, பெடல் அச்சோ தரையிலிருந்து கிட்டத்தட்ட அதே உயரத்தில் நிற்கிறது. அதனால் ஓட்டுபவர் இரண்டு சக்கரங்களின் மேல் உட்கார்ந்திருப்பதை விட்டு, அவற்றின் நடுவே இறங்கி நிற்பதுபோல ஆகிறது. இறக்கத்தில் தலைகுப்புறப் போய்விடுவோமோ என்ற அச்சம் குறைவது இதனால்தான். வேகத்தில் வண்டி நேராகப் போவதும் இதே கணக்கில் சேரும்.

எடுத்துக்கொள்வதில் முதலாவது கியர். சக்கரம் பத்து சதவீதம் பெரிது என்றால் எல்லா கியரும் பத்து சதவீதம் கனக்கும். முன்னே 22 பல், பின்னே 32 பல் வைத்து ஒரு முழு மிதி மிதித்தால் 26 வண்டி சுமார் 1.45 மீட்டர் போகும், 29 வண்டி 1.6 மீட்டர். கோத்தகிரி ஏற்றத்தில் அந்த 15 செ.மீ. உங்கள் முழங்காலில் வசூலாகும். பின்னே 36 பல் இருந்தால் கணக்கு சமமாகிவிடும். முன்னே ஒரே பல்சக்கரம் உள்ள வண்டி என்றால், அதில் 32 பல்லுக்குப் பதில் 28 அல்லது 30 கேளுங்கள்.

எடை பற்றிக் கடைகளிலும் குழுக்களிலும் நடக்கும் வாதம் கொஞ்சம் ஊதிப் பெருத்தது. சுழலும் எடை பல மடங்கு இழுக்கும் என்பார்கள். ரிம்மின் விளிம்பில் உள்ள எடை வேகம் எடுக்கும்போது இரண்டு மடங்காகக் கணக்காகும், அதற்கு மேல் இல்லை. ரிம், டயர், டியூப் சேர்ந்து ஒரு சக்கரத்துக்கு 1.3 கிலோ என்று வைத்தால், பத்து சதவீதம் 130 கிராம். இரண்டு சக்கரத்துக்கு 260, இரண்டு மடங்காக 520 கிராம். ஆளும் வண்டியும் 85 கிலோ இருக்கும்போது இது ஒரு சதவீதம்கூட இல்லை. ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துத் தீர்த்தால் ஈடாகிவிடும்.

உண்மையில் உணர்வது வளைவுகளில். ஒரே தரத்து ரிம்மும் டயரும் என்றால் பெரிய சக்கரத்தின் சுழல் நிலைமம் (சுழற்சியை மாற்ற விடாமல் எதிர்க்கும் தன்மை) மூன்றில் ஒரு பங்கு கூடுதல், வண்டியும் நீளம். தேயிலைப் பாதையின் கொண்டை ஊசி வளைவில், மெதுவாகப் போகும்போது, 26 வண்டி ஆட்டுக்குட்டிபோலத் திரும்பும். 29 வண்டியை முன்கூட்டியே சாய்க்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எனக்கு ஒரு மாதம் பிடித்தது. துள்ளிக் குதித்து விளையாடுவதுதான் உங்கள் சந்தோஷம் என்றால், இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிரேக்குக்கும் பத்து சதவீதம் வேலை கூடும். முன்னே 160 மி.மீ. டிஸ்க் இருந்தால் 180-க்கு மாற்றினால் தாராளமாகச் சரியாகும், ஃபோர்க் அந்த அளவை அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு.

படி 5: உங்கள் உயரம்

5 அடி 7 அங்குலத்துக்கு மேல் என்றால் யோசிக்க அதிகமில்லை. 5 அடி 3 அங்குலத்துக்குக் கீழே என்றால் நின்று நிதானித்துப் பாருங்கள். சிறிய ஃபிரேமில் பெரிய சக்கரத்தை நுழைக்கும்போது ஹேண்டில்பார் உயர்ந்துவிடும், திருப்பும்போது செருப்பின் முனை முன்சக்கரத்தில் உரசலாம், இறக்கத்தில் பின்னால் நகரும்போது பின்சக்கரம் தொடும். ட்ரெக் மார்லின் வரிசையில் சிறிய ஃபிரேம்களுக்கு 27.5, பெரியவற்றுக்கு 29 என்று நிறுவனமே பிரித்துக் கொடுப்பது இதனால்தான். குள்ளமானவர் 29 ஓட்டவே கூடாது என்றில்லை. ஆனால் கடைக்காரர் "ஒரே சைஸ்தான் இருக்கு, ஓட்ட ஓட்டப் பழகிடும்" என்றால் வெளியே வந்துவிடுங்கள். சக்கரம் பழகும், ஃபிரேம் அளவு பழகாது.

பந்தயக்காரர்களுக்கே இந்தக் கேள்வி இருந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 29 ஓட்டிய செக் வீரர் யாரோஸ்லாவ் குல்ஹாவி தங்கம் வென்றார், 27.5 ஓட்டிய சுவிஸ் வீரர் நினோ ஷுர்ட்டர் ஒரே ஒரு நொடியில் இரண்டாவது. 2016 ரியோவில் அதே ஷுர்ட்டர் 29-க்கு மாறித் தங்கம் எடுத்தார். 27.5-ஐ நம்பி முன்னே நிறுத்தியவரே மாறியது பெரிய செய்தி. ஆனாலும் அவர் ஒரு நொடியைத் துரத்துகிறவர், நாம் ஞாயிற்றுக்கிழமை டிபனுக்குள் வீடு திரும்புகிறவர்கள்.

படி 6: சக்கரத்தை மட்டும் மாற்ற முடியாதா?

எல்லோரும் கேட்பது. 26 ஃபிரேமில் 29 சக்கரம்: முடியாது. பின்பக்க ஃபிரேம் குழாய்களுக்கு நடுவே இடம் இருக்காது, ஃபோர்க்கின் வளைவில் இடிக்கும். எப்படியோ நுழைத்தாலும் வண்டி மூன்று செ.மீ. தூக்கி நின்று பொய்க்கால் குதிரை ஆகிவிடும்.

26 ஃபிரேமில் 27.5: டிஸ்க் பிரேக் உள்ள சில வண்டிகளில், ஒல்லியான டயரோடு முடியும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் பிரேக் கட்டை 12.5 மி.மீ. மேலே ஏற வேண்டும், பெரும்பாலும் எட்டாது. டயருக்கும் ஃபிரேமுக்கும் குறைந்தது 6 மி.மீ. இடைவெளி இல்லையென்றால் விட்டுவிடுங்கள். சேறு அப்பியதும் சக்கரம் சிக்கிக்கொள்ளும். சின்ன லாபத்துக்குப் பெரிய ஒல்லியான டயர் போடுவதைவிட, 26-லேயே அகல டயர் போடுவது மேல் என்பது என் கட்சி.

படி 7: உங்கள் பாதையில், உங்கள் காற்றில் ஓட்டிப் பாருங்கள்

கடை வாசலில் இரண்டு சுற்று ஓட்டுவது சீட் மெத்தென்று இருக்கிறதா என்று பார்க்க மட்டும் உதவும். உங்கள் உயரமுள்ள நண்பரின் வண்டியை ஒரு காலைப்பொழுதுக்கு இரவல் வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். சீட் உயரத்தை உங்கள் அளவுக்கு மாற்றுங்கள். காற்றை உங்கள் எடைக்கு வையுங்கள். பிறகு படி 2-ல் எழுதிய பட்டியலில் மிச்சமிருக்கும் இடங்களுக்கு மட்டும் போங்கள். ஒவ்வொன்றையும் பழைய வண்டியில் மூன்று தடவை, புதியதில் மூன்று தடவை. முதல் தடவையைக் கணக்கில் சேர்க்காதீர்கள், புது வண்டிக் குஷி எதையும் தாண்டவைக்கும்.

ஓட்டும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காப்புக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம், எஸ்டேட் பாதைகள் தனியார் நிலம். கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள், கேட்காமல் போய்த்தான் மற்றவர்களுக்கும் கேட் அடைக்கப்படுகிறது.

என் கணக்கில், கல்லில் முட்டும் மூன்று இடங்களில் இரண்டை 29 வண்டி தாண்டியது. மூன்றாவதில் அதுவும் நின்றது. அந்த இரண்டுக்காகவும், இறக்கத்தில் மனசு அமைதியாக இருந்ததற்காகவும் மாறினேன்.

படி 8: வாங்கிய பிறகு வரும் செலவுகள்

26 டியூப் எந்தச் சின்ன ஊரிலும் கிடைக்கும். 29-க்குக் கோவை, ஊட்டி போன்ற இடங்களில் கவலையில்லை. கிராமத்துக் கடையில் எதிர்பார்க்காதீர்கள், இரண்டு டியூப் பையில் இருக்கட்டும். அவசரத்துக்கு 26 டியூபையே இழுத்து 29 டயருக்குள் போட்டு வீடு வரலாம், வந்ததும் மாற்றிவிட வேண்டும். டியூபின் மூக்கையும் பாருங்கள். ரிம்மில் சின்னத் துளை இருந்தால் ஒல்லி மூக்கு டியூப்தான் ஏறும், பெட்ரோல் பங்க் காற்றுக்குழாய் அதில் பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றை வாங்கிச் சாவிக்கொத்தில் மாட்டுங்கள்.

மறுபக்கம், 26-க்கு உயர்தர டயரும் நல்ல ஃபோர்க்கும் வருடத்துக்கு வருடம் அரிதாகிக்கொண்டு வருகின்றன. அதனால் பழைய வண்டிக்கு விலையுயர்ந்த ஃபோர்க் வாங்கிப் போடுவதை மட்டும் செய்யாதீர்கள். அந்தப் பணத்தைப் புது வண்டிக்குச் சேருங்கள். டயர், பார், ஸ்டெம் வரை செலவு செய்வது சரி.

காரின் பின்சீட்டில் வண்டியைப் படுக்கவைத்துப் போகிறவர்கள் வாங்கும் முன்பே ஒருமுறை வைத்துப் பாருங்கள். என் 26 முன்சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே போய்விடும். 29-க்கு இரண்டு சக்கரமும் கழற்ற வேண்டியிருக்கிறது, சீட் உறையெல்லாம் செயின் கிரீஸ்.

மாறிய முதல் மாதம்

பெரிய சக்கரத்துக்குக் கம்பி நீளம், அதனால் கொஞ்சம் நெகிழும். முதல் 100 கி.மீ. ஓடியதும் எல்லாக் கம்பிகளின் இழுவையையும் சரிபார்த்துக் கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள். 90 கிலோவுக்கு மேல் இருப்பவர்கள் 32 கம்பி உள்ள சக்கரமாகவே பார்த்து வாங்கியிருப்பது நல்லது. ஹேண்டில்பார் உயரமாகத் தோன்றினால் ஸ்டெம்முக்குக் கீழே இருக்கும் வளையங்களை ஒவ்வொன்றாக மேலே மாற்றி வையுங்கள், ஒரு நாளுக்கு ஒன்று. கொண்டை ஊசி வளைவுகளில் வழக்கமான இடத்துக்கு ஒரு சைக்கிள் நீளம் முன்னதாகவே வெளிப்பக்கம் ஒதுங்கித் திரும்பத் தொடங்குங்கள். கடையிலிருந்து வரும்போது அதிலும் காற்று கல்லு மாதிரிதான் இருக்கும். மானியை எடுத்துக்கொண்டு போங்கள்.